நிறையாத செப்டிக் டேங்க்: பெருமையா, குற்றமா?

புதுமனை புகுவிழாவுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேக்குக் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், மாடுலர் கிச்சனைத் திறந்து பார்ப்பார்கள், தரையில் போட்டது கிரானைட்டா டைல்ஸா என்று குனிந்து பார்ப்பார்கள். "செப்டிக் டேங்க் எப்படிக் கட்டியிருக்கீங்க?" என்று மட்டும் ஒருவர் கூடக் கேட்பதில்லை. கேட்டால் அநாகரிகம்! பந்தி நடக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது?

ஆனால் அந்த வீட்டில் ஒரு தவறு ஆளைக் கொல்லக்கூடிய இடம் எது என்று யோசித்தால், மின்சாரத்தை அடுத்து நிற்பது அந்தத் தொட்டிதான். பக்கத்து வீட்டுக் குழந்தையின் குடிநீரைக் கெடுக்கக்கூடிய இடமும் அதுதான். ஜன்னல் கம்பியின் டிசைனுக்கு மூன்று நாள் யோசிக்கிற வீட்டுக்காரர், இந்தத் தொட்டியை மேஸ்திரியிடம் ஒரே வாக்கியத்தில் ஒப்படைத்து விடுகிறார்: "நல்லா ஆழமா தோண்டிருங்க, அடிக்கடி நிறையக் கூடாது."

இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாத் தீமைக்கும் தொடக்கம். எப்படி என்று பார்க்கலாம்.

தொட்டியின் வேலை என்ன?

செப்டிக் டேங்க் ஒன்றும் நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1860 வாக்கில் பிரான்சில் லூயி மூரா என்பவர் தன் வீட்டுக் கழிவுக்காக மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அதை மேம்படுத்தி 'செப்டிக் டேங்க்' என்று பெயரும் வைத்தார். செப்டிக் என்றால் அழுகச் செய்வது. பெயரிலேயே வேலை இருக்கிறது.

தொட்டிக்குள் வரும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெயும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கின்றன. நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவு. ஒன்று, தொட்டிக்குள் வரும் நீர் அதே அளவு வெளியே போகும். ஆகவே ஒழுங்கான செப்டிக் டேங்க் பயன்பாட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே நிறைந்துதான் இருக்கும்! நிறைந்திருப்பது கோளாறு அல்ல, அதுதான் அதன் இயல்பு. இரண்டு, பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் செரித்து விடுவதில்லை. மீதிக் கசடு ஏறிக்கொண்டே வரும். அதை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பெருமையைக் கேளுங்கள். "எங்க வீட்டு டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் நிறையவே இல்ல, லாரியே கூப்பிட்டதில்ல!"

இது பெருமை அல்ல. ஒப்புதல் வாக்குமூலம். அந்தத் தொட்டிக்கு அடித்தளம் கிடையாது, அல்லது சுவர் பூசப்படவில்லை, அல்லது அது தொட்டியே அல்ல, வெறும் உறை இறக்கிய கிணறு. இருபது வருடக் கழிவுநீர் எங்கே போனது? ஆவியாகவா போயிற்று? நேராக நிலத்தடி நீரில் கலந்தது. அதைத்தான் பக்கத்து வீட்டு மோட்டார் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

விதியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 என்ற விதித்தொகுப்பு 1985இல் திருத்தப்பட்டு இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் தொட்டியைப் பற்றி, இரண்டாம் பாகம் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றி. அதன் சாரம் இதுதான்:

- தொட்டியின் அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீரின் ஆழம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர்.
- நீளம் அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு.
- 5 பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் போதும். நீர்மட்டத்துக்கு மேலே 30 சென்டிமீட்டர் காலி இடம் விட வேண்டும்.
- 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி என்றால் நடுவே தடுப்புச்சுவர் வேண்டும். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு.
- காற்றுக் குழாய் வேண்டும், அதன் வாயில் கொசு வலை வேண்டும்.
- மழைநீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது.
- உறிஞ்சு குழி எந்தக் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. குடியிருக்கும் கட்டடத்துக்கு 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

ஐந்து பேருக்கான அளவைக் கவனியுங்கள். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், காலி இடத்தையும் சேர்த்து நாலேகால் அடி ஆழம். அவ்வளவுதான்! பத்தடி ஆழம் தோண்டச் சொல்லி எந்த விதியும் சொல்லவில்லை. கசடு படிய வேண்டுமானால் நீர் மெதுவாக நீளவாட்டில் நகர வேண்டும். அதற்குத்தான் நீளம். வட்ட உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிக் கிணறு போலச் செய்தால் வருகிற நீர் சுழன்று கசடைக் கலக்கி அப்படியே வெளியே தள்ளும். ஆழம் அதிகமானால் கசடு எடுப்பது தள்ளிப் போகும், உண்மைதான். ஆனால் எடுக்கிற நாள் வரும்போது அது ஆபத்தான நாளாக இருக்கும்.

ஐம்பத்தொன்பது அடிக்கு எங்கே போவது?

18 மீட்டர் என்றால் 59 அடி. இப்போது சாதாரணக் குடும்பம் வாங்குகிற அரை கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 சதுர அடி, 30க்கு 40. அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தால் எவ்வளவு? பள்ளிக்கூடக் கணக்குதான், பிதாகரஸ் தேற்றம். சரியாக 50 அடி!

அதாவது, அந்த மனையில் ஒரு கோடியில் போர்வெல்லும் மறுகோடியில் உறிஞ்சு குழியும் வைத்தாலும் விதிப்படி 9 அடி குறைகிறது. வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விதியைக் காப்பாற்ற முடியாது. இது அவருடைய தவறு மட்டும்தானா? பாதாளச் சாக்கடையும் இல்லாமல், குடிநீர்க் குழாயும் இல்லாமல், அரை கிரவுண்டு மனைகளாக வெட்டி லே-அவுட் போட்டு விற்றவர் யார்? அதற்கு அனுமதி முத்திரை குத்தியவர் யார்? அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போர்வெல்லும் ஒரு மலக்குழியும் வரும் என்று அந்த மேஜையில் இருந்தவருக்குத் தெரியாதா?

வாஸ்து செய்கிற வேலை

அடுத்து வருகிறார் வாஸ்து நிபுணர். கிணறும் போர்வெல்லும் வடகிழக்கில், அதாவது ஈசானிய மூலையில் வர வேண்டும். செப்டிக் டேங்க் வடமேற்கில், வாயு மூலையில். இதை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. கட்டடம் கட்டுகிற பலர் ஐ.எஸ். எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஒரு காகிதத்தை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை வரைந்து பாருங்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்கு மனைக்காரர் வாஸ்துப்படி தன் வடகிழக்கு மூலையில் போர் போடுகிறார். கிழக்கு மனைக்காரர் வாஸ்துப்படி தன் வடமேற்கு மூலையில் மலத்தொட்டி கட்டுகிறார். இந்த இரண்டு மூலையும் எங்கே சந்திக்கின்றன? ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கத்தில்! நடுவே இருப்பது ஒன்பது அங்குலச் செங்கல். தெருவில் பத்து வீடு வரிசையாக வாஸ்து பார்த்துக் கட்டினால் ஒன்பது போர்வெல்லுக்குப் பக்கத்தில் ஒன்பது மலத்தொட்டி.

வாஸ்துவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் தன் வீட்டு எல்லைக்குள் மட்டும் பார்க்கிற சாஸ்திரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிணறு தெரியாது. நிலத்தடி நீருக்கோ காம்பவுண்டுச் சுவர் தெரியாது.

"நாங்க தண்ணிய கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்" என்று ஒரு பதில் வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் மலநீரிலிருந்து உருவாகும் நைட்ரேட் சாகாது, அது உயிருள்ள பொருள் அல்ல. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அளவு மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். அவர்கள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும்.

யாரும் பார்க்காத குழி

வீட்டு வரைபடத்தில் செப்டிக் டேங்க் இருக்கும். நேர்த்தியான செவ்வகமாக, அளவெல்லாம் போட்டு வரைந்திருப்பார்கள். மண்ணில் வருவது வேறு. இதை யார் வந்து பார்க்கிறார்கள்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது, சிறிய குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழே வேண்டாம் என்று விலக்கு தரப்பட்டது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. அலைச்சலும் கையூட்டும் குறைந்தால் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்காவது ஓர் ஆள் வந்து எட்டிப் பார்க்க வேண்டாமா? மண் போட்டு மூடுவதற்கு முன் தொட்டியில் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு லாரித் தண்ணீர். இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது, திரும்பப் பூச வேண்டும். இவ்வளவு எளிய சோதனை ஏன் கட்டாயமாக நடப்பதில்லை?

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழி தோண்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றவுடன் ஊர் முழுக்கத் தோண்டினார்கள். அரசு நினைத்தால் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு குழியைச் சரியாகத் தோண்ட வைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சேகரித்த மழைநீரை மலநீரோடு கலக்க விட்டுவிட்டு எதற்கு அந்தச் சேகரிப்பு?

மூடியைத் திறக்கும் நாள்

இப்போது மிக முக்கியமான இடம். கசடு நிறைந்து, கழிவறை பின்வாங்கி, வீட்டில் நாற்றம் அடிக்கிற நாள்.

போர்ட்டிகோவுக்கு அடியில் தொட்டி, அதன் மேல் டைல்ஸ். மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. லாரியின் குழாய் எட்டவில்லை, அல்லது பல வருடக் கசடு இறுகிப்போய் உறிஞ்சவில்லை. உடனே, "யாராவது இறங்கிக் கலக்கிவிட்டா போதும்ணே" என்கிறது ஒரு குரல். யார் இறங்குவது? அதையும் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. இந்த வேலைக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர், அதிலும் அருந்ததியர்.

உள்ளே இருப்பது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று படித்திருப்பீர்கள். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்து விடும். "நாத்தம் போயிருச்சு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற நொடிதான் மிக ஆபத்தான நொடி. நெருப்பைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்கிற பழக்கம் இன்னும் மோசம். மீத்தேன் பற்றி வெடிக்கும். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்பதும் பொய். கசடைக் கலக்கியவுடன் அதனுள் அடைபட்ட வாயு புதிதாகக் கிளம்பும்.

2019 மார்ச் 26 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தார்கள். ஒரு தந்தை, அவருடைய இரண்டு மகன்கள், காப்பாற்றப் போன மற்றவர்கள். ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் தூக்கப் போகிறார், அவர் விழுந்ததும் அதற்கடுத்தவர். இந்தத் தொட்டி மரணங்கள் பல இப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கின்றன. 1993 முதல் பதிவான சாக்கடை, மலத்தொட்டி மரணங்களில் தமிழ்நாடு நாட்டின் முதல் வரிசையில் இருக்கிறது. வளர்ந்த மாநிலம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லையா? 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கவசமும் கருவியும் இல்லாமல் மனிதரை மலத்தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. "எந்த நபரும்" என்று சொல்கிறது. மாநகராட்சி மட்டுமல்ல, சொந்த வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிற குடும்பத் தலைவரும் அந்த 'நபர்'தான். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "நான் கூலிக்குத்தான் கூப்பிட்டேன், அவரேதான் இறங்கினார்" என்பது மனச்சாட்சியின் முன் நிற்காது.

செலவு ஆகுமே?

எதிர்ப்பு வாதம் எப்போதும் இதுதான். செலவு, இடம், நேரம். சரி, கணக்கே பார்க்கலாம்.

விதிப்படியான 5 பேர் தொட்டி, பத்தடிக் குழியை விடச் சிறியது. தோண்டும் கூலி குறைவு. கூடுதலாக ஆவது அடித்தளக் கான்கிரீட்டும், உள்ளே நீர் கசியாத பூச்சும், நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இரண்டு 'டி' குழாயும்தான். தேக்குக் கதவின் செதுக்கு வேலையைக் கொஞ்சம் குறைத்தால் முடிந்தது. கசடு எடுக்கும் செலவு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, மோட்டார் காயில் கட்டுவது போல அதுவும் ஒரு பராமரிப்பு, அவ்வளவே.

இடம் இல்லை என்பது மட்டும் நியாயமான வாதம். 30க்கு 40 மனையில் உறிஞ்சு குழிக்கு இடம் இல்லைதான். களிமண் நிலத்தில் இடம் இருந்தாலும் நீர் உறிஞ்சாது. கடற்கரை மணலில் வடிகட்டாமலே கீழே ஓடிவிடும். நிலத்தடி நீர் மேலாக உள்ள ஊரில் உறிஞ்சு குழியே கூடாது. அங்கெல்லாம் நீர் கசியாத தொட்டியும், அதை அடுத்து ஜல்லி நிரப்பிக் கீழிருந்து மேலாக நீர் ஏறும் வடிகட்டி அறையும் கட்டலாம். ஆனால் அதிலிருந்து வெளியேறும் நீரை ஏற்க ஒரு வடிகால் வேண்டும். அதைப் போட்டுத் தருவது உள்ளாட்சியின் கடமை. தெருவுக்கு ஒரு பொது அமைப்பு கேட்டு மனு கொடுக்க வேண்டியது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கடமை. தெருவிளக்குக்கு மனு கொடுக்கிற சங்கங்கள் இதற்கு ஏன் கொடுப்பதில்லை? பாதாளச் சாக்கடை வந்துவிட்ட ஊர்களிலும் கட்டணத்துக்கு அஞ்சி இணைப்பு வாங்காமல் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இடமும் ஒரு சாக்கு அல்ல.

லாரி எடுத்த கசடு எங்கே போகிறது என்பதும் வீட்டுக்காரரின் கேள்வியாக இருக்க வேண்டும். இரவோடு இரவாக ஏரியில் கொட்டுகிற லாரிக்குப் பணம் கொடுத்தால் ஏரியைக் கெடுத்த பாவத்தில் பங்கு உண்டு. 2014இல் தமிழக அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி போன்ற ஊர்களில் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. 2022இல் சட்டத்தைத் திருத்தி, கசடு அள்ளும் வண்டிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே லாரிக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: உரிமம் இருக்கிறதா? எங்கே கொட்டுவீர்கள்? கசடு அகற்ற 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு

ஆழம் கேட்காதீர்கள், நீளம் கேளுங்கள். அடித்தளம் போடாமல் தொட்டி கட்டுகிற மேஸ்திரியைத் தடுத்து நிறுத்துங்கள். மூடுவதற்கு முன் நீர் நிரப்பி ஒரு நாள் பாருங்கள். உங்கள் கிணற்றை மட்டுமல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றையும் அளந்து பாருங்கள். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள், லாரிக் குழாய் வரும் வழியை அடைக்காதீர்கள். கசடு எடுத்த தேதியைக் கேஸ் புத்தகம் போல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தச் சூழ்நிலையிலும், எவ்வளவு அவசரமானாலும், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தொட்டிக்குள் விழுந்தது தங்கச் சங்கிலியாகவே இருந்தாலும் சரி.

ஒரு வீடு எவ்வளவு நாகரிகமானது என்பது அதன் வரவேற்பறையில் தெரியாது. அந்த வீட்டின் அசுத்தத்தை யார் குடிக்கிறார்கள், யார் அள்ளுகிறார்கள் என்பதில்தான் தெரியும். இரண்டுக்கும் "யாரும் இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய வீட்டுக்காரர் மட்டும் தன் தொட்டியைப் பற்றித் தாராளமாகப் பெருமை பேசட்டும்.